கனம் இழந்த கோடு

நெடுங்கல்பட்டில் பூமி தன் இழுப்பை ஒரு வண்டித்தட அகலத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது பங்குனி மாதத்தில், திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறுவதற்குச் சற்று முன்னால். அதை முதலில் அறிந்தவள் என் அண்ணி பாஞ்சாலை. ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்த்தெருவின் ஓரமாகக் காலனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள், ஓரத்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்ததால் தெருவின் நடுவுக்கு வந்தாள், வந்ததும் மூட்டை விழுந்துவிட்டதென்று பதறி இரண்டு கையாலும் தலைக்குமேல் தடவினாள், மூட்டை இருந்தது, கனம்தான் இல்லை. அவள் கூச்சல் போடவில்லை. ஓரத்துக்குப் போய்ப் பார்த்தாள், கனத்தது; நடுவுக்கு வந்தாள், கனக்கவில்லை; ஓரம், நடு, ஓரம், நடு என்று சிறிது நேரம் போய்வந்துவிட்டு, சும்மா கிடைப்பதை ஏன் விடுவது என்று நடுவிலேயே நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

"கொழுந்தனாரே, தெரு நடுவுல கனமே இல்ல" என்றாள்.

"உனக்கு ரத்தம் கம்மியா இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரு."

"ரத்தம் கம்மின்னா எனக்குத்தானய்யா கனம் கொறையணும்? அரிசிக்கு எப்பிடிக் கொறையும்?"

நான் துண்டறிக்கை படித்து வளர்ந்தவன். பள்ளிக்கூடம் எனக்குச் சொல்ல மறுத்ததையெல்லாம் கையில் மை ஒட்டும் மட்டமான தாள்கள் சொல்லியிருக்கின்றன. கூலி என்றால் என்ன, கடவுள் யாருக்கு வேலை செய்கிறார், அரசாங்கம் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும், இந்தத் தாலுகாவில் எவனோடும் நின்று பேசுவேன். ஆனால் அரிசி ஏன் கனம் இழக்கும் என்று எந்தத் தாளும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலனிக்காரர்கள் சேர்ந்து ஓர் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு, கனம் இல்லாத இடம் எந்தக் கோட்டில் போகிறது என்று தேடிப் போனோம். கல் கனத்தால் கோட்டுக்கு வெளியே, கனக்காவிட்டால் உள்ளே. வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை, தவறிப்போய் வெளியே கால் வைத்த ஒருவனுக்கு மட்டும் கட்டைவிரல் நசுங்கியது. கிழக்கே படுக்கைமலையின் உச்சியில், எந்தக் காலத்திலோ சமணத் துறவிகள் பாறையில் வெட்டிப் படுத்திருந்த படுக்கைகளுக்கு அடியிலிருந்து அது புறப்பட்டது. சரிவில் இறங்கி எங்கள் காலனிக்குள் வந்து, வேம்படியில் நாங்கள் மஞ்சள் பூசி வைத்திருக்கிற கன்னிமார் கற்கள் ஏழையும் தொட்டுக்கொண்டு, ஊர்த்தெருவின் நடுவில் புகுந்து, அம்மன் கோயில் வாசலைக் கடந்து, மேற்கே மந்தையில் யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாமல் நிற்கிற நெடுங்கல்லின் காலடியைக் கடந்து, எங்கள் இடுகாட்டில் போய் முடிந்தது. கொத்தனார் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

இந்த வழி எனக்குப் புதிதல்ல. காலனி கிழக்கே இருக்கிறது, எங்கள் இடுகாடு மேற்கே இருக்கிறது, நடுவில் ஊர் இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை ஊர்த்தெருவில் நாங்கள் நடக்கலாம், அதையும் யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை, செருப்போடு நடந்ததற்கு என் அப்பனுக்கு மண்டை உடைந்தது. ஆனால் செத்த பிறகு அந்தத் தெருவில் போகக் கூடாது. எங்கள் பிணங்கள் தெற்கே சுற்றி ஏரிக்குள் இறங்கித்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் வெடித்த சேற்றில் போவோம், மழைக் காலத்தில் மார்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவோம். அப்படித்தான் ஓர் ஐப்பசியில் என் அண்ணன் கோதண்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அப்போது ஏதோ ஒரு மறியலுக்காகச் சிறையில் இருந்தேன். ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் பக்கம் இழுப்பு அதிகமாக இருந்தது, ஒருவனுக்குக் கால் வழுக்கியது, தண்ணீர் அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. பாடையின் மூங்கில் ஒன்று மட்டும் கோரைக்குள் கிடைத்தது. அந்த மூங்கிலைத்தான் புதைத்தோம். பாஞ்சாலை அந்த மூங்கிலுக்குத்தான் தாலி அறுத்தாள்.

அன்றிலிருந்து அவள் யாரைப் பார்த்தாலும் ஒன்றைச் சொல்வாள், கல்யாண வீட்டிலும் சொல்வாள், ஓட்டுக் கேட்டு வருபவர்களிடமும் சொல்வாள்: "என்னத் தண்ணியில தூக்கினு போவாதீங்க. தெரு வழியாத் தூக்கினு போங்க. இல்லையா, வூட்லயே குழி தோண்டுங்க." அந்தத் தெருவைக் கேட்டு நான் எழுதிய மனுக்களுக்கு அளவில்லை. எல்லா மனுவிலும் ஒரு படம் வரைந்து, காலனியிலிருந்து இடுகாட்டுக்கு நேராக ஒரு கோடு போட்டிருப்பேன். அந்தக் கோட்டைத்தான் பூமி இப்போது போட்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் கோபம்தான் வந்தது. தலை நரைக்கும்வரை தொண்டை கிழியக் கத்தியவன் நான், ஒரு வார்த்தை பேசாத மண் ஒரே காலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டது.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. கேஸ் வண்டிக்காரன் சிலிண்டர்களைக் கோட்டில் இறக்கி, பந்து உருட்டுவதுபோல் காலால் உருட்டிக்கொண்டு போனான். முழங்கால் தேய்ந்தவர்கள் நாற்காலி கொண்டுவந்து தெரு நடுவில் போட்டு உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, அதிலேயே பொழுதைப் போக்கினார்கள். பேறுகாலப் பெண்கள் மாலையில் வயிற்றைப் பிடிக்காமல் கைவீசி நடந்தார்கள். புதுமாப்பிள்ளை ஒருவன் பெண்டாட்டியை ஒரு கையிலும் மாமியாரை மறு கையிலும் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். டீக்கடைக்காரர் பெஞ்சை நடுத்தெருவுக்கு நகர்த்தினார், மளிகைக்கடைக்காரர் தராசை உள்ளே இழுத்துக்கொண்டார். நெல் மூட்டை தூக்குகிறவர்கள் என்னிடம் வந்து, கனமே இல்லாத மூட்டைக்குக் கூலி எதற்கு என்று மில்லுக்காரன் கேட்கிறான் என்று முறையிட்டார்கள், அதற்கு ஒரு மறியல் நடத்தினோம், அது வேறு கதை. யாரும் மிதக்கவில்லை, பறக்கவில்லை, பூமி அந்த அளவுக்கு விளையாடவில்லை. கால் தரையில்தான் பாவியது, ஆனால் உடம்பு என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்பது மறந்துபோனது. இரண்டே வாரத்தில், குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரிவது மாதிரி, கோடு எங்கே என்பது எல்லோர் காலுக்கும் தெரிந்துவிட்டது.

சிக்கல் தேரில்தான் வந்தது. தேரின் முதல் வடம் தர்மகர்த்தா ஆதிமூலத்தின் வகையறாவுக்கு உரியது. பல்லைக் கடித்து, நரம்பு புடைக்க, ஊரே பார்க்க இழுப்பதில்தான் அந்த உரிமையின் மதிப்பு இருந்தது. அந்த வருஷம் அவர்கள் வழக்கம்போல மூச்சைப் பிடித்து ஓர் இழு இழுத்தார்கள், தேர் தீப்பெட்டி மாதிரி ஓடிவந்தது, முதல் வடம் மொத்தமும் மல்லாந்து விழுந்தது. பலூன் விற்கிறவன் தேர் தன்மேல் மோதாமல் இருக்க ஒரு கையை நீட்டினான், தேர் நின்றுவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் அம்மனுக்கு முன்னால் நின்ற பூசாரியே தோளைக் குலுக்கினார். மறுநாள் தேரில் கருங்கல் ஏற்றிப் பார்த்தார்கள், கல்லுக்கும் கனம் இல்லை. கடைசியில் தேரைக் கோட்டிலிருந்து தள்ளி ஓரத்தில் வைத்து இழுத்தார்கள். தேர் போகிற வழியில் நாலு வீட்டுக் கூரை ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனது, முதல் வடத்துக்குத் தோளெல்லாம் வலித்தது, அதற்குப் பிறகுதான் ஊருக்குத் திருப்தி.

"கனம் இருந்தாத்தான்யா கௌரவம்" என்று ஆதிமூலம் டீக்கடையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் இருவருக்கும் வாழ்நாளில் ஒத்துப்போன ஒரே கருத்து அது.

சித்திரை முடிவதற்குள் நகரத்திலிருந்து புவியாற்றல் ஆட்கள் வந்தார்கள். வெள்ளை ஜிப்பா, கையில் ஆற்றலைத் தேடிப் பிடிக்கிற வளைந்த செம்புக் கம்பிகள், கழுத்தில் ஸ்படிகம். தலைவர் பெயர் யோகி பிரசன்னா, சாந்தமான மனிதர், கொசுவை அடிக்கக்கூட மாட்டார், ஊதித்தான் விடுவார். உலகத்தின் புனிதத் தலங்களெல்லாம் மண்ணுக்கடியில் ஓடும் ஆற்றல் கோடுகளின்மேல்தான் இருக்கின்றன, நம் முன்னோர்கள் அதை அறிந்துதான் கோயில் கட்டினார்கள் என்று கோயில் மண்டபத்தில் பேசினார். மலை, கோயில், நெடுங்கல் மூன்றையும் இணைத்து ஒரு வண்ணப் படம் போட்டுத் தொங்கவிட்டார். படத்தில் கோடு கோயிலுக்கும் மலைக்கும் நடுவில், காலனிக்கு முன்னால் வந்ததும், பாம்பு கல்லைச் சுற்றுகிற மாதிரி வடக்கே வளைந்து, எங்களைத் தொடாமல் சுற்றிக்கொண்டு மலைக்கு ஏறியது. மேற்கே நெடுங்கல்லோடு முடிந்தது. அதற்கப்பால் இடுகாடு இருப்பதே படத்தில் இல்லை.

நான் எழுந்து கேட்டேன். "கோடு நேராப் போவுதுங்க. படத்துல எதுக்கு வளைஞ்சிருக்கு?"

"ஆற்றல் தூய்மையைத் தேடித்தான் பாயும் ஐயா" என்றார், கோபமே இல்லாமல்.

"நாங்க அம்மிக்கல்ல வெச்சே பாத்துட்டோம்."

"அம்மிக்கல் நுட்பமான கருவி இல்லையே."

என் பின்னால் உட்கார்ந்திருந்த பாஞ்சாலை அவர் கையைக் காட்டினாள். "அவரு கம்பியே வளைஞ்சுதான் இருக்கு. படம் மட்டும் எப்பிடி நேரா வரும்? வுடு கொழுந்தனாரே."

படத்தின்படியே பாதை போட்டார்கள். கருங்கல் பாவி, இரண்டு பக்கமும் எவர்சில்வர் கம்பி அடித்து, மலையடியிலிருந்து நெடுங்கல்வரை. ஊர்த்தெருவுக்குள் பாதையும் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. காலனிக்குப் பக்கத்தில் கோடு எங்களோடு இருந்துவிட்டது, பாதை எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. வெளியூர்களிலிருந்து பக்தர்கள் பால்குடமும் காவடியும் எடுத்து வந்தார்கள். வளைவில் நடக்கும்போது அவர்களுக்கு வியர்த்தது, மூச்சு இரைத்தது, தோள் சிவந்தது, ஆனாலும் ஒவ்வொருவரும் "பஞ்சு மாதிரி இருக்கு, பஞ்சு மாதிரி இருக்கு" என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க கனத்தைச் சுமந்துகொண்டு லேசாக இருக்கிறது என்று சொல்லப் பழகியவர்கள், வேறு எப்படிச் சொல்வார்கள்? நான் வெட்டவெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில், எங்கள் குழாயடியில், பெண்கள் நிறைகுடங்களைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கதை பேசியபடி போனார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆடியில் கோயில் முன்னால் பலகை வைத்தார்கள். இது அம்மன் நடக்கும் தடம், ஈமக் காரியங்களுக்கு அனுமதி இல்லை. ஊர்ப் பிணங்கள் பலகையைக் கடந்து வழக்கம்போலத்தான் போய்க்கொண்டிருந்தன, ஆகவே அந்தப் பலகை யாருக்கு எழுதியது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆவணியில் பாஞ்சாலைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. காலும் முகமும் வீங்கின. கோட்டின்மேல் கட்டிலை இழுத்துப் போட்டால் கொஞ்சம் சுகமாக இருக்கிறது என்றாள், வேம்படியில் கன்னிமார் கற்களுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

"ஏரி ரொம்புதா?" என்று தினமும் கேட்பாள்.

"மழையே இன்னும் வரல அண்ணி."

"வரும். நான் போறப்பதான் வரும், பாரு. எனக்கும் தண்ணிக்கும் அப்பிடி ஒரு உறவு."

நான் துண்டறிக்கை போட்டேன். 'மண்ணுக்கு இருக்கும் நியாயம் அரசாங்கத்துக்கு இல்லையா?' என்று தலைப்பு. தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் கூட்டினார்கள். அதிகாரி நல்லவர் மாதிரித்தான் பேசினார், இரண்டு தரப்புக்கும் டீ கொடுத்தார்.

ஆதிமூலம் கைகூப்பிச் சொன்னார்: "உசுரோட யாரு வேணா நடக்கட்டும், நாங்க தடுக்கலைங்க. பொணம் மட்டும் வேணாம். அம்மன் நடக்கிற தடம்."

"ஊர்ப் பொணம் போவுதே?" என்றேன்.

"அது வழக்கம்."

"எங்க பொணம் ஏரியில போறது?"

"அதுவும் வழக்கந்தான்."

இப்போது இருக்கிற நிலையே தொடரட்டும் என்று அதிகாரி முடித்தார். இந்த வாசகத்தை நான் இளைஞனாக இருந்தபோது கேட்டேன், மீசை நரைத்தபோது கேட்டேன், பல் விழுந்த பிறகும் கேட்கிறேன். சொல்கிற ஆள்தான் மாறுகிறார்.

ஐப்பசியில் மழை பிடித்தது, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது, பாஞ்சாலை சொன்ன மாதிரியே போய்விட்டாள். மழை விட்டு வெளுத்த ஒரு காலையில், கோட்டின்மேல் போட்ட கட்டிலிலேயே, மூச்சு நின்றது. மகள் கனல், நான்தான் பெயர் வைத்தேன், செருப்புக் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், தாயின் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மாவத் தெரு வழியாத்தான் தூக்குறோம் சித்தப்பா. மனு எழுதறதா இருந்தா அடக்கம் முடிஞ்சு எழுது."

"எழுதல. நானும் வர்றேன்."

செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பறை முழங்கப் பாடையைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெரு முனைக்கு வந்தபோது, எங்களைத் தடுக்க ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கருங்கல் பாதையின்மேல், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஆதிமூலம், பட்டு வேட்டியில். போலீஸ்காரர்கள் சிலர் ஓரமாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மறியல் தெரிந்தவன். மறியல் என்பது கோஷம் அல்ல, கொடி அல்ல, காரணம்கூட அல்ல; உடம்பின் கனம்தான் மறியல். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, உடம்பைத் தளர்த்தி, ஈர மூட்டை மாதிரி விட்டுவிட வேண்டும், ஒரு ஆளைத் தூக்க நாலு போலீஸ் திணற வேண்டும், அந்தத் திணறலில்தான் அரசாங்கம் யோசிக்கத் தொடங்கும். எத்தனை போலீஸ்காரர்களுக்கு என்னால் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்வேன். எங்களைக் கனத்தால் மறிக்க வந்தவர்கள், கனமே இல்லாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மன் தடத்தைக் காக்க வேண்டும் என்ற நினைப்பில், தாங்கள் எதன்மேல் உட்கார்கிறோம் என்பதை மறந்துபோனார்கள்.

எங்கள் ஆண்கள் முன்னால் போகப் பார்த்தார்கள். கனல் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"ஆம்பளைங்க தொட்டீங்கன்னா அடிதடி கேசாயிடும். நீங்க பாடையப் புடிங்க. பொம்பளைங்க வாங்கடி."

பெண்கள் கம்பியைத் தாண்டிப் போய், குனிந்து, ஊர் ஆண்களை ஒவ்வொருவராகத் தூக்க ஆரம்பித்தார்கள். முறத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கி, எட்டு வைத்து, அவரவர் வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். கோட்டைவிட்டு இறங்கும்போது கனம் திரும்பும் என்பதால் அந்தக் கணத்தில் மட்டும் இரண்டு பேர் சேர்ந்து பிடித்தார்கள். சிலர் கையைக் காலை உதறினார்கள், கனமில்லாத உதறல் யாரையும் அசைக்கவில்லை. சிலர் வாசலிலிருந்து ஓடிவந்து மறுபடியும் உட்கார்ந்தார்கள், மறுபடியும் தூக்கப்பட்டார்கள்.

"யக்கா, இந்தாளு எங்கூட்டுக் கோழிய விட லேசா இருக்கான்க்கா!"

"மீசையப் புடிச்சே தூக்கிடலாம் போலக்குதே!"

இவை யாரை நோக்கிச் சொல்லப்பட்டனவோ அவர்களில் சிலரே சிரித்துவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆதிமூலத்துக்கு முன்னால் கனல் போய் நின்றாள்.

"ஏய், தொடாத! தொடாத!"

"தொடாம எப்பிடிங்க தூக்கறது?"

"நான் யாருன்னு..."

"தெரியும். காலக் கொஞ்சம் மடக்குங்க."

ஒரு கையை அவர் முதுகுக்கும் மறு கையை முழங்காலுக்கும் கொடுத்துத் தூக்கினாள். அவர் வாழ்க்கையில் தாய் தூக்கியதற்குப் பிறகு வேறு யாரும் அவரைத் தூக்கியிருக்க மாட்டார்கள். உடம்பு விறைத்துக்கொண்டது, கண்ணை மூடிக்கொண்டார். வாசலை நெருங்கியதும் கண்ணைத் திறந்து, மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார், பிறகு கனல் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: "பாத்து எறக்கும்மா... எடது முட்டி... வெளிய வந்தா வலிக்கும்."

இன்னொருத்தி கை கொடுக்க, கனல் மெதுவாகத்தான் இறக்கினாள்.

பாதை காலியானது. எங்கள் பாடை கோட்டில் வந்தது. நாலு பேர் தோள் கொடுத்திருந்தார்கள், தோளில் எதுவுமே இல்லாத மாதிரி வந்தார்கள், பாஞ்சாலை சாமந்திப் பூக்களோடு காற்றில் படகு போகிற மாதிரி போனாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. வென்றுவிட்டோம், இனி யாரும் தடுக்க முடியாது, இப்படியே கோட்டோடு போய் இடுகாட்டில் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். கோயிலுக்குச் சற்று முன்னால், பாதையோரக் கம்பியில் இடைவெளி விட்டிருந்த இடத்தில், கனல் சொன்னாள்:

"நில்லுங்க. ஓரத்துக்கு வாங்க."

"என்னா சொல்ற?"

"கோட்ட வுட்டுக் கீழ எறங்குங்க. தெருவுல போலாம்."

நான் பதறிப்போனேன். "பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? கோட்டுல போனா ஒருத்தனும் தடுக்க முடியாது. வெளிய வந்தா அவனுங்க உக்காந்தா உக்காந்ததுதான். தூக்க முடியாது. அம்மாவ நடுத்தெருவுல வெச்சிக்கினு என்னா பண்ணுவ?"

"கோட்டுல போனா நாளைக்கு என்னா சொல்லுவாங்கன்னு தெரியாதா சித்தப்பா? பாஞ்சாலய அம்மனே தூக்கினு போச்சும்பாங்க. பாட்டு கட்டுவாங்க. அப்பறம் ஒரு நாளு கோடு இல்லாமப் போயிடும். அடுத்த பொணத்துக்கு மறுபடியும் ஏரியா?" அவள் குரல் உயரவில்லை. "எங்கம்மா கேட்டது தெரு. கோடு இல்ல."

பாடை தூக்கியவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தார்கள்.

கனம் வந்தது. மூங்கில் முறுகியது, நாலு தோளும் ஒன்றாகத் தாழ்ந்தன, ஒருவன் "யம்மா" என்று முனகினான். நோயில் நீர் கோத்த உடம்பு, வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கிய உடம்பு, மொத்தமும் ஒரே சமயத்தில் திரும்பிவந்தது. பறையடிப்பவர்கள் தாமாகவே அடியைத் தாழ்த்தினார்கள். வாசல்களில் ஊர் ஆண்கள் நின்றார்கள், இப்போது அவர்களும் முழுக் கனத்தோடு நின்றார்கள். எங்களுக்கு முன்னால் வெறும் தெரு கிடந்தது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இளவட்டங்கள் ஆதிமூலத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு கையால் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு பாடையைப் பார்த்தார், கனலைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு கோயில் பக்கம் திரும்பி, பூசாரிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கதவச் சாத்து."

பூசாரி கோயில் கதவைச் சாத்தினார். ஊரில் ஒரு சாவு விழுந்து பிணம் தெருவில் போகும்போது கோயில் கதவைச் சாத்துவதுதான் முறை, பிணம் எல்லை தாண்டிய பிறகுதான் திறப்பார்கள். எங்கள் பிணங்கள் அந்தப் பக்கமே வந்ததில்லை என்பதால், எங்களுக்காக அந்தக் கதவு அதுவரை ஒரு தடவைகூடச் சாத்தப்பட்டதில்லை. அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறேன். அது மூடிய சத்தத்தைக் கேட்டு நான் நிம்மதி அடைவேன் என்று எந்தத் துண்டறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை. அவர் மரியாதைக்குச் சாத்தச் சொன்னாரா, அருவருப்பில் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊர்ப் பிணத்துக்குச் சாத்துவது எதற்காக என்றும் யாரும் கேட்டதில்லை. யாரும் வந்து உட்காரவில்லை, அது மட்டும் தெரியும்.

கோடு மார்கழியில் போய்விட்டது. வந்த மாதிரியே சொல்லாமல் போனது. சிலிண்டர்க்காரன் காலால் உருட்டிப் பார்த்து விரலை உடைத்துக்கொண்டான், முட்டிவலிக்காரர்கள் நாற்காலியை உள்ளே எடுத்துப் போனார்கள், அவ்வளவுதான். கருங்கல் பாதை இருக்கிறது. பக்தர்கள் இன்னும் வருகிறார்கள், வளைவில் மூச்சு இரைக்க நடந்து பஞ்சு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கள் பிணங்கள் தெருவில் போகின்றன. ஒவ்வொரு தடவையும் யாராவது முறைக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் கதவு சாத்தப்படுகிறது, போகின்றன.

ஆனால் அன்று இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஆதிமூலத்தின் வீட்டைத் தாண்டியதும் தூக்கியவர்களால் முடியவில்லை, தோள் மாற்றப் பாடையை இறக்க வேண்டியிருந்தது. ஊர்த்தெருவின் மண்ணில், நடுப்பகலில், பாஞ்சாலையை இறக்கி வைத்தோம். யாரும் அவசரப்படவில்லை. தூக்கியவர்கள் கையை உதறிக்கொண்டார்கள், வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள், ஒருவன் தண்ணீர் கேட்டுக் குடித்தான். நான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்க மூங்கிலுக்குப் போனேன். வேண்டாம், வயசாச்சு என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்கவில்லை. தூக்கினோம். கழுத்து எலும்பு உள்ளே இறங்குகிற மாதிரி இருந்தது.

பக்கத்தில் நடந்துவந்த கனல் என் முகத்தைப் பார்த்தாள்.

"கனக்குதா சித்தப்பா?"

"கனக்குது."

"நல்லா?"

"நல்லா கனக்குதுடி."

"அப்ப நடங்க" என்றாள்.